கைராசிக்காரர்

ஏனுங்க அம்மிணி, நீங்க எட்டாம் நம்பர் பெட்டுத்தானுங்களே? காலைல கஞ்சி வாங்க வந்தப்பப் பாத்தனுங்க. ஏழாம் நம்பர்ல கெடக்கறது என்ற புள்ளைங்க. தேன்மொழி. நெத்தில ஈரத்துணி போட்டிருக்கறாங்களே, அதுதானுங்க. ஆம்பளைங்கள உள்ள உடமாட்டேங்கறாங்க. ஒரு பெட்டுக்கு ஒரு பாசுதான், அதையும் சம்பந்தியம்மா வெச்சிருக்கறாங்க. அவங்க வெளிய வந்தா நல்லாத்தான் இருக்குதுங்கறாங்க. மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியல. அதான் உங்களக் கேக்கலாம்னு நின்னனுங்க. கண்ணு முழிச்சுதுங்களா? தண்ணி கிண்ணி கேட்டுதுங்களா?

ஓ. ஏதோ அனத்துதுங்களா. என்னன்னு அனத்துது? "அப்பா"ன்னா. ம்.

சித்த நேரம் உக்காருங்க. உங்க புள்ளைக்கு ஆப்பரேசன் நாளைக்குத்தானுங்களே, இப்ப என்ன அவசரம். இந்தப் பெஞ்சுல மூணு நாளா ஒண்டியா உக்காந்திருக்கறனுங்க. அந்தா வேப்பமரத்தடியில போனப் பாத்துட்டு நிக்கறாரே, அவருதான் மாப்ள, லோகநாதன். திருப்பூர்ல பனியன் கம்பெனில சூப்பர்வைசருங்க. நல்ல பையன்தான். ஆனா மூணு நாளா எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. டீ வாங்கிக் குடுத்தா வாங்கிக்கறாரு, மூஞ்சியப் பாக்கமாட்டேங்கறாரு. நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?

காங்கயத்துக்கு அக்கட்டால நம்முளுக்கு ஒரு மெடிக்கலுங்க. இருபத்தெட்டு வருசமாச்சு. சென்னியப்பன் கடைன்னு கேட்டா கண்டக்டரே எடம் பாத்து எறக்கி உட்டுருவாரு. நான் படிச்சவனில்லைங்க. செவுத்துல மாட்டியிருக்கற சர்ட்டிபிகேட்டு என்ற மச்சானோடது, அவரு சேலத்துல இருக்கறாரு. அது கெடக்குது. ஊருக்குள்ள போயிக் கேட்டுப் பாருங்க. சென்னியப்பன் கையால ஒரு மாத்திரை வாங்கிப் போட்டா மறுநாளு எந்திரிச்சு நடப்பாங்கம்பாங்க. கைராசிக்காரர்னுதான் பேரே. டாக்டருகிட்டப் போயி ரெண்டு மணி நேரம் உக்காந்து, ரத்தம் குடு மூத்தரம் குடுன்னு அலையறதுக்கு நம்ம கடை எவ்வளவோ தேவலைன்னுதான் சனங்க வருது.

அதுலயும் பொம்பளைங்க இருக்கறாங்களே, அவங்களுக்கு இந்த நீர்க்கடுப்பு வந்தா யாருகிட்டச் சொல்லுவாங்க? பனியன் கம்பெனிக்குப் போற புள்ளைங்க ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட டோக்கன் வாங்கோணுமாமுங்க. அதுக்குப் பயந்துட்டுத் தண்ணியே குடிக்கறதில்ல. கடைக்கு வருவாங்க. ரெண்டு ஆம்பளைங்க நின்னா சோப்பு வாங்க வந்த மாதிரி ஓரமா நிப்பாங்க. அவங்க போனதும் மெதுவா, "அண்ணா, அந்த மாத்திரை"ம்பாங்க. எந்த மாத்திரைன்னு நான் கேக்கமாட்டனுங்க. கத்திரிய எடுத்து அட்டையில நாலு வெட்டி, காயிதக் கவர்ல போட்டு, காலைக்கு ஒரு கோடு, பொழுதோடைக்கு ஒரு கோடு போட்டுக் குடுப்பேன். எரிச்சல் நின்னுச்சுன்னா நிறுத்திக்கங்கன்னு சொல்லுவேன். ஏழு நாளைக்கு முழுங்கோணும்னு டாக்டருங்க எழுதறாங்க. நோவு போனதுக்கப்பறம் மருந்து எதுக்குங்க? ஒடம்புக்குச் சூடு.

அப்படிப் பாத்துப் பாத்துக் குடுத்த கையிங்க இது.

தேனு ஒரே புள்ளைங்க. அவங்கம்மா போயி நாலு வருசமாச்சு. அப்பறம் சமைச்சுப் போட்டு, தல பின்னி உட்டு, எல்லாம் நான்தான். சிரிக்காதீங்க, நெசமாலுமே பின்னி உட்டிருக்கறேன். இருபத்திரண்டு வயசுப் புள்ளைக்குச் சடை பின்னத் தெரியாதாட்டம் உக்காந்துக்கும். அப்பன் பின்னோணும், அவ்வளவுதான். கண்ணாலம் ஆகி ரெண்டு வருசங்கழிச்சு முழுகாம இருக்குதுன்னு மாப்ள போன்ல சொன்னப்ப, கடையில ஏழெட்டுப் பேரு நின்னாங்க. அத்தன பேருக்கும் முன்னால அழுதுட்டனுங்க. வெக்கமாப் போச்சு.

நாலாம் மாசம் ஆரம்ப சுகாதார நிலையத்துல மூத்தரம் டெஸ்ட் பண்ணுனாங்க. அங்க ஒரு நர்சம்மா, கிருமி இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க. ஏங்கண்ணு, உனக்கு எரிச்சல் இருக்குதான்னு கேட்டேன். இல்லைங்கப்பா. கடுப்பு? இல்லைங்கப்பா. காச்சல்? இல்லைங்கப்பா. அப்பறம் என்ன கிருமி? கெடந்துட்டுப் போகுதுன்னு உட்டிருக்கலாம். அந்தம்மா உடல. "மாசமா இருக்கறப்ப நோவு தெரியாமலே கிருமி உள்ள இருக்கும். உட்டா மேல ஏறிடும். செவ்வாக்கெழம காலைல வாங்க, மூத்தரத்தக் கல்ச்சருக்கு அனுப்பலாம். கிருமிய வளத்துப் பாத்து, எந்த மருந்துக்குச் சாகுதோ அதக் குடுக்கலாம். அதுவரைக்கும் ஒண்ணும் குடுக்காதீங்க"ன்னாங்க.

கிருமிய வளத்துப் பாக்கறதாமா! கோழியா அது?

ஞாயித்துக்கெழமையே நான் மருந்த ஆரம்பிச்சுட்டனுங்க. காலைல ஒண்ணு, பொழுதோட ஒண்ணு. பெத்த அப்பன் மெடிக்கல் வெச்சுட்டு, புள்ள வயித்துல கிருமிய வெச்சுட்டு, மூணு நாளு சும்மா உக்காந்திருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க. செவ்வாக்கெழமை போயி மூத்தரம் குடுத்துட்டு வந்துச்சு. வெள்ளிக்கெழமை ரிப்போட்டு. என்ன போட்டிருந்துச்சு தெரியுங்களா? வளர்ச்சி இல்லை. கிருமியே வளரல. அந்தக் காயிதத்த ஒரு மாசம் கடைக் கண்ணாடிக்கு அடியில வெச்சிருந்தனுங்க, வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் காட்டறதுக்கு.

அந்த நர்சம்மா மட்டும் கடைக்கே வந்து கேட்டாங்க. "அண்ணா, முன்னாடியே ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா? குடுத்திருந்தா இந்த ரிப்போட்டு ஒண்ணுக்கும் ஆகாது. கிருமி மயங்கிக் கெடக்கும், சாகாது. பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி பாக்கோணும்." நானா, ஒண்ணுமே குடுக்கலீங்கம்மான்னு சொல்லிப்போட்டேன். சின்ன விசயம். அதுக்குப் போயி அவங்ககிட்டப் பேச்சு வாங்கோணுமா?

அஞ்சாம் மாசம் எரிச்சல் வந்துச்சு. வேற மாத்திரை குடுத்தேன், மூணு நாளு. நின்னுச்சு. ஆறாம் மாசம் மறுபடியும். அப்ப ஒரு படி மேல போயி பெரிய மாத்திரையா எடுத்தேன். அதுவும் நின்னுச்சு. ஒவ்வொரு தடவையும் நின்னுச்சுங்க, அதத்தான் நான் எல்லாருகிட்டயும் சொல்றேன். நிக்காம இருந்தா நான் டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போயிருக்கமாட்டனா? தேனும் சொல்லும், "எங்கப்பா இருக்கறப்ப எனக்கு எதுக்கு டாக்டரு"ன்னு. மாமியா ஊட்டுல பெருமையாச் சொல்லும்.

ஏழாம் மாசம் கட்டுச்சோறு வெச்சோமுங்க. உங்க பக்கம் வளைகாப்புன்னு பண்ணுவாங்களாட்டங்க, எங்களுக்குக் கட்டுச்சோறு. தாய் ஊட்டுல இருந்து புளிச்சோறு, தயிர்ச்சோறு, எலுமிச்சங்காச் சோறுன்னு ஒம்போது வகை கட்டிட்டுப் போயி, அவிய ஊட்டுல விருந்து வெச்சு, புள்ளையப் பொறந்த ஊட்டுக்குக் கூட்டிட்டு வரோணும். அம்மா இல்லாத புள்ளன்னு ஒருத்தரு ஒரு சொல்லு சொல்லீரக் கூடாதுன்னு நானே சமையக்காரருகிட்ட நின்னு பாத்துட்டு இருந்தேன். ஞாயித்துக்கெழமை விருந்து. அதுக்கு முந்தின செவ்வாக்கெழமை போன் வருது. "அப்பா, குளுருதுங்கப்பா. மூணு கம்பளி போத்தியும் குளுருது. விலாவுக்குப் பின்னால யாரோ உளி வெச்சு அடிக்கற மாதிரி இருக்குது."

காரெடுத்துட்டுப் போயி டவுன்ல ஒரு டாக்டரம்மாகிட்டக் காட்டுனேன். உடனே அட்மிட் பண்ணோணும்னாங்க. பத்து நாளு. நான் சொன்னனுங்க, ஞாயித்துக்கெழமை கட்டுச்சோறு, எரநூறு பேருக்குச் சொல்லியாச்சு, திங்கக்கெழமை காலைல கொண்டாந்து சேத்தறேன்னு. அந்தம்மா என்னையவே பாத்துட்டு இருந்தாங்க. "அதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா?"ன்னாங்க. ஆகாதுங்கம்மான்னேன்.

விருந்துக்கு முந்தி ஆஸ்பத்திரியில படுத்தா அவிய சனம் என்ன பேசும்? நோவுப் புள்ளையக் கட்டி வெச்சுட்டாங்கன்னு பேசாதா? எனக்கு அந்த ரோசனைதான் ஓடுச்சு.

சரி, அத உடுங்க. எப்படியோ அந்த அஞ்சு நாளும் போச்சு. விருந்தன்னிக்கி வந்து பாத்திருக்கோணுமே நீங்க. அரக்குக் கலர் பட்டு, ரெண்டு கை நெறைய வளையலு. கண்ணுக்குக் கீழ கருப்புத்தான், பவுடர் போட்டு மறச்சாச்சு. மூணு மணி நேரம் எந்திரிக்காம உக்காந்திருந்துச்சு. யாரும் ஒரு சொல்லு சொல்லல. சோறு மட்டும் வாயில வெக்கல. ஒவ்வொரு வகையிலயும் ஒரு வாய் திங்கோணும்னு பெரியவங்க சொன்னாங்க. வாயில போட்டுப் போட்டுக் கைத்துணியில துப்பிட்டு இருந்துச்சு. நான்தான் பாத்தேன்.

திங்கக்கெழமை காச்சல் இல்ல. அதனால எங்கயும் சேத்தல. பாத்தீங்களா, நின்னுபோச்சுன்னு மாப்ளைகிட்டச் சொன்னேன். வியாழக்கெழமை மத்தியானம் வாந்தி, நடுக்கம். வயிறு கல்லாட்டம் இறுகி இறுகி வருதுங்குது. மூத்தரமே சரியாப் போகல. ஏழாம் மாசத்துல வலி எடுத்தா என்னங்க பண்ணறது? நேரா இங்க வந்துட்டோம்.

இங்க இருக்கறது ஒரு சின்ன டாக்டரம்மா. என்ற புள்ள வயசுதான் இருக்கும். ஆனா பேச்சப் பாருங்க. மொதோ நாளே என்னைய நிக்க வெச்சுக் கேக்குது, "இதுவரைக்கும் என்னென்ன மருந்து குடுத்தீங்க? ஒண்ணு விடாம எழுதிக் குடுங்க." அப்பறம் சொல்லுது, "ஐயா, இது சும்மா இருக்கற கிருமி இல்லைங்க. பசை மாதிரி ஒட்டிக்கிட்டு மேல ஏறுற வகை. மூத்திரப்பையில ஒட்டி, கிட்னிக்கு ஏறி, இப்ப ரத்தத்துல இருக்கு. அதான் பிரசவ வலியே வந்திருக்கு." கிருமிக்குக் கையா இருக்குது, காலா இருக்குது, ஏறி வர்றதுக்கு? மனசுக்குள்ளதான் நெனச்சேன். கேக்கல.

வலிய நிறுத்தறதுக்கு மருந்து போட்டாங்க. வயித்துல புள்ளைக்குத் துடிப்பு இருக்குதாமா. இருக்குதுன்னு உங்ககிட்டயும் சொன்னாங்களா? நல்லதுங்க.

நேத்து ரிப்போட்டு வந்துச்சு. பதினாலு மருந்து வெச்சுப் பாத்தாங்களாமா. பன்னெண்டுக்கு அந்தக் கிருமி அசையவே இல்லையாமா. அந்தப் பன்னெண்டு பேரையும் டாக்டரம்மா படிச்சுக் காட்டுச்சு. நான் நின்னு கேட்டேன். பன்னெண்டும் நம்ம கடையில இருக்குதுங்க. நான் கண்ண மூடிட்டுக் கைய நீட்டுனா எடுத்துருவேன், எது எந்தத் தட்டுல இருக்குதுன்னு.

அப்பறம் அது இன்னொண்ணு கேட்டுச்சு. "உங்க ஊரு எது? இந்த ரெண்டு மாசத்துல உங்க பக்கத்துல இருந்து இதே மாதிரி கிருமியோட வந்த மூணாவது பொண்ணு இவங்க"ன்னுச்சு. எங்க ஊருத் தண்ணி சரியில்லைங்கம்மான்னேன். மொதோ வந்த புள்ளைய எனக்குத் தெரியுமுங்க. கவிதாமணின்னு, தையல் மிசின்ல உக்காரும். எட்டாம் மாசத்துல கொழந்த வயித்துலயே போச்சு. நல்ல புள்ள. எங்கட்டத்தான் மாத்திரை வாங்கும்.

மொதோ நாளே, வார்டுக்குக் கொண்டு போறதுக்கு முந்தி, நான் மூணு மாத்திரையும் எழுதிக் குடுத்துட்டனுங்க. பேரு, எத்தன மில்லிகிராமு, எத்தன நாளு, எல்லாம் சுத்தமா. மாப்ளையும் சம்பந்தியம்மாவும் பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தாங்க. படிச்சுப் பாத்துட்டு டாக்டரம்மா கேட்டுச்சு, "ஊசி?" இல்லீங்கம்மான்னேன். "உறுதியா இல்லையா?" தேனுப்பக்கம் திரும்பிக் கேட்டுச்சு, "ஊசி ஏதாவது போட்டாங்களாம்மா?" அப்பக் கொஞ்சம் நெனவு இருந்துச்சு புள்ளைக்கு. அது என்ற மூஞ்சியப் பாத்துச்சு. பாத்துட்டு, "இல்லீங்க"ன்னு சொல்லிருச்சு.

என்ற புள்ள அப்படித்தானுங்க. அப்பன் பேச்ச மீறாது.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க நாலஞ்சு நாள்ல உங்க பேரனத் தூக்கிட்டு உங்க ஊரு போறவங்க. விருந்துக்கு முந்தின செவ்வாயில இருந்து சனி வரைக்கும் ஊசி போட்டோமுங்க. எஸ்தர் சிஸ்டர்னு, ரிட்டையராகி ஊட்டுல இருக்கறாங்க, நமக்கு வேண்டியவங்க. நான் மருந்து எடுத்துக் குடுத்தேன், அவங்க புள்ளையப் பாக்கற சாக்குல எங்கூட அவிய ஊட்டுக்கு வந்து ரூமுக்குள்ள போட்டாங்க. மாப்ள அந்த வாரம் நைட் சிப்ட்டு, சம்பந்தியம்மா விருந்து வேலையில கெடந்தாங்க, யாருக்கும் தெரியாது. பாதி மருந்துதானுங்க. வயித்துல புள்ள இருக்குதேன்னு பாதிதான் போடச் சொன்னேன். அதெல்லாம் ஒரு கணக்கா? அத எழுதிக் குடுத்தா அந்த சிஸ்டருக்குக் கஷ்டம். கடை சர்ட்டிபிகேட்டு யாரோடதுன்னு தோண்டுவாங்க. மாப்ளைக்குத் தெரிஞ்சா, அவங்கம்மாவுக்குத் தெரிஞ்சா, அப்பனே புள்ளையக் கெடுத்தான்னு ஊரே பேசும். நான் அதுக்கப்பறம் அந்தக் கடையில எப்படி உக்காருவேன்?

அதுவுமில்லாம எல்லாம் இப்பச் சரியாயிரும் பாருங்க. மிச்சம் ரெண்டு மருந்து இருக்குதில்லைங்களா, அதுல ஒண்ணு வெளியூர்ல இருந்து வரோணுமாமா, நாளைக்குக் காலைல ஆயிரும். இன்னொண்ணு இங்கயே இருக்குது. அதான் இன்னிக்கி அஞ்சு மணிக்குப் போடறாங்க. காலைல டாக்டரம்மா வந்து வெளக்கமாச் சொல்லுச்சு. கிட்னி கொஞ்சம் அடி வாங்கியிருக்குதாமா. எதனாலன்னு தெரியலையாமா. "காச்சலாலன்னா இந்த ஊசியத் தாங்கும். ஏற்கெனவே இதே ஊசியப் போட்டு அதனால அடி வாங்கியிருந்தா, மறுபடி இதப் போடவே கூடாது, கிட்னி நின்னுடும். அப்ப நாளைக்கு வர்ற மருந்துக்குத்தான் காத்திருக்கணும். அதான் திரும்பத் திரும்பக் கேக்கறேன்"ன்னுச்சு. நான் மறுபடியும் இல்லீங்கம்மான்னேன்.

ஆமாங்க. அதே ஊசிதான்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? பாதி மருந்துன்னு சொன்னனில்லைங்களா. இருபத்தெட்டு வருச அனுபவத்துல சொல்றேன், பாதி மருந்து ஒண்ணும் பண்ணாது. மணி என்னங்க? நாலு அம்பதா? அந்தா, நர்சம்மா ட்ரே எடுத்துட்டுப் போறாங்க. அது ஏழாம் நம்பருக்காத்தான் இருக்கும். போட்டுட்டா ராத்திரிக்குள்ள காச்சல் எறங்கிரும். எறங்கோணும்.

எந்திரிச்சுட்டீங்களா? உக்காருங்க. டீ சொல்றேன். அம்மிணி, இது உங்களுக்குச் சம்மந்தமில்லாத சமாச்சாரமுங்க. நம்பிச் சொன்னேன். உள்ள போயி ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க. சம்பந்தியம்மா பெட்டுப் பக்கத்துலயே இருக்கறாங்க, அவங்க காதுல உழுந்தா முடிஞ்சுது. கேக்கறீங்களா? உங்களுக்கும் புள்ள இருக்குது, நீங்களே சொல்லுங்க, பெத்தவன் கெட்டது நெனப்பானா?

கையெடுத்துக் கும்பிடறனுங்க. நில்லுங்க.

நில்லுங்க சித்த. அப்படியே போயிச் சொன்னா எப்படி? ஊசின்னு மொட்டையாச் சொன்னா அவங்களுக்கு என்ன தெரியும்? அமிக்காசின். அமிக்காசின்னு சொல்லுங்க. அஞ்சு நாளு. இன்னொண்ணுங்க. உங்ககிட்டயும் பொய்தான் சொன்னேன். பாதியில்லீங்க. செவ்வா பொதன் வியாழன்தான் பாதி. காச்சல் எறங்கல. விருந்து நெருங்கிருச்சு. வெள்ளியும் சனியும் முழுசாப் போட்டோம், காலைலயும் பொழுதோடையும், ரெண்டு வேளை. சனிக்கெழமை பொழுதோட புள்ள சொல்லுச்சு, "அப்பா, காதுக்குள்ள குய்யுன்னு கேக்குதுங்கப்பா, வேண்டாமுங்கப்பா"ன்னு. இன்னிக்கி ஒருநாளு பொறுத்துக்க கண்ணுன்னு கைய நான்தான் புடிச்சுட்டேன். அதையும் சொல்லுங்க. யாரு பக்கத்துல இருந்தாலும் பரவால்ல, சத்தமாச் சொல்லுங்க. என்னைய அந்த வாசல்ல உடமாட்டேங்கறாங்க அம்மிணி, ட்ரே உள்ள போயிருச்சு, ஓடுங்க.